23 வயதில் டிராஃப்ட்டுக்குப் போன ஒரு மாநில லீக் வீரர்: நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்-க்கு 18 வயதில் தேர்வாகாமல் போன ஒருவருக்கு 23 வயதில் வாய்ப்பு எவ்வளவு? அதற்கு அடுத்த மட்டமான மாநில லீக் கிளப்களில் வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. வீரர் கேட்பார், வீட்டார் கேட்பார்கள், சில சமயம் அவருக்கு வேலை கொடுத்தவரும் கேட்பார். பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் ஊக்க வார்த்தை, இல்லாவிட்டால் கைவிரிப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

அடிலெய்டில் ஒரு மாநில லீக் கிளப்பின் வீரர் மேம்பாட்டுக் குழுவில் இருந்தபோது, இந்தக் கேள்வியோடு போராடிய ஒருவரை அருகிலிருந்து பார்த்தேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டு, என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீரருக்கோ பயிற்சியாளருக்கோ பயன்படலாம்.

தேர்வு முறை, சுருக்கமாக

ஏஎஃப்எல் போட்டியில் இப்போது 18 அணிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 40 வீரர்கள். புதியவர்கள் உள்ளே வரும் முக்கிய வழி, நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்ட்; கிளப்கள் முறைவைத்து ஒவ்வொருவராகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. 1986-இல் தொடங்கிய முறை இது. அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைந்தால் பெயர் கொடுக்கலாம். மேல் வயது வரம்பு கிடையாது. அதற்குப் பிறகு, பட்டியலின் கூடுதல் இடங்களுக்கான ரூக்கி டிராஃப்ட் உண்டு. கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை), பட்டியலில் இடம் மீதமுள்ள கிளப்கள் வெளி வீரர்களைப் பயிற்சிக்கு அழைத்து, பிடித்திருந்தால் ஒப்பந்தம் செய்யலாம். 2019-இலிருந்து நடுப்பருவ டிராஃப்ட்டும் சேர்ந்துகொண்டது. மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் நடக்கும் அதில், யாராவது ஓய்வு பெற்றோ நீண்ட காலக் காயத்தில் விழுந்தோ இடம் காலியான கிளப்கள் ஆள் எடுக்கும்.

18 வயதைத் தாண்டி மாநில லீக்கில் ஆடிக்கொண்டிருந்து, பிறகு எடுக்கப்படுபவரைத்தான் முதிர்வயதுத் தேர்வு என்கிறார்கள். 23 வயதுக்காரரை முதியவர் என்று சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கலாம். கிளப் கணக்கு வேறு: 18 வயதுப் பையனை எடுத்தால் பத்து வருடம் ஆடுவான், சரிப்படவில்லை என்றால்கூட வேறு கிளப்புக்கு மாற்றி ஏதாவது ஈடு வாங்கலாம். 23 வயதுக்காரர் வந்த முதல் கோடையிலேயே பயன்பட வேண்டும்.

வீரரின் பின்னணி

முர்ரே ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து எங்கள் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வந்தவர். ஏஎஃப்எல் கிளப்களின் தேர்வாளர்கள் உற்றுப் பார்க்கும் அந்தக் கடைசி இளையோர் பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி என்று ஏறக்குறைய ஒரு வருடம் போனது. அந்த வருட டிராஃப்ட்டில் அவர் பெயரை யாரும் யோசிக்கவே இல்லை. பிறகு எலெக்ட்ரீஷியன் வேலை பழக ஊருக்கே திரும்பினார். நான்கு வருடப் பயிற்சி அது. ஊரில் இருந்தவரை அங்குள்ள லீக்கில் ஆடினார்.

21 வயதில் மீண்டும் அடிலெய்டுக்கு வந்து எங்கள் ரிசர்வ் அணியில் சேர்ந்தார். 22-இல் முதல் அணியில் நிரந்தர இடம், அதுவும் நடுக்களத்தில். பகலில் வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். துணைவி அடிலெய்டில் நர்ஸ். இருவரும் வீடு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன கவனித்தோம்

அந்தப் பருவத்தின் பாதியில், எங்கள் மாநில லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல் புள்ளிவிவரத்தில் அவர் மேல் வரிசையில் இருந்தார். பந்தை அதிகம் தொட்டார், பலர் மோதிக்கொள்ளும் அமளியில் புகுந்து பந்தை வெளியே எடுத்தார், எதிராளியைப் பிடித்து நிறுத்தும் டேக்கில் செய்தார். கிளப்பில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: இப்படி ஆடுபவரை ஏஎஃப்எல் கிளப்கள் எப்படி விட்டுவைக்கும்?

ஆனால் யாரும் கூப்பிடவில்லை. ஜூலையில் நாங்களே இரண்டு தேர்வாளர்களிடம் பேசினோம். இருவரும் தனித்தனியாகச் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். அமளியில் பந்து எடுக்கும் நடுக்கள வீரர்கள் தங்களிடம் நிறையவே இருக்கிறார்கள். இவர் வந்தால் அவர்களில் எட்டாவது ஆள். முதல் இருபது மீட்டரில் வேகம் போதாது. முழங்கால் பற்றிய மருத்துவ விவரம் கையில் இல்லை. இதைச் சொன்ன பிறகு, கேட்காமலே ஒருவர் இன்னொன்றும் சொன்னார்: அவருடைய இடது கால் உதை மிக நன்றாக இருக்கிறது, ஆனால் அமளிக்குள் நின்று அவசரமாக உதைப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதுதான் திருப்பம். நாங்கள் பந்து தொட்ட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களோ, மேல் மட்டத்துக்கு வந்த பிறகும் இவரிடம் மிஞ்சும் ஒரு திறமை எது என்று பார்த்தார்கள். மாநில லீக்கில் பலத்தாலும் அனுபவத்தாலும் வெல்லும் ஒருவர், அங்கே எதிரே நிற்பவரும் அதே அளவு பலசாலியாக இருக்கும்போது எதை வைத்து வெல்வார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத முதிர்வயது வீரரை, அவருடைய எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் வேறு விதமான பேச்சு. அவருடைய அப்பா முன்னுதாரணங்களை வரிசையாகச் சொல்வார். டிம் கெல்லி பல டிராஃப்ட்களில் ஒதுக்கப்பட்டு, 2017-இல் 24-ஆவது தேர்வாக ஜீலாங் கிளப்புக்குப் போனார். 2019-இல், பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட கௌரவ அணியான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். டாம் ஸ்டூவர்ட் 2016-இல் 40-ஆவது தேர்வு, அவரும் அப்போது 23 வயதுக்காரர். மேட் பிரிடிஸ் ரூக்கியாக உள்ளே போய் 2014-இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கம் வென்றார். மார்லியன் பிக்கெட் 2019 நடுப்பருவ டிராஃப்ட்டில் ரிச்மண்டுக்குப் போய், தன் முதல் ஏஎஃப்எல் ஆட்டத்தையே அதே வருட இறுதிப் போட்டியில் 27 வயதில் ஆடினார், கோப்பையும் வென்றார்.

எல்லாம் உண்மை. ஆனால் இவர்கள் பெயர் நமக்குத் தெரிவதே அவர்கள் விதிவிலக்கு என்பதால்தான். ஒதுக்கப்பட்டு ஒதுக்கப்பட்டு, கடைசிவரை மாநில லீக்கிலேயே நல்லபடியாக ஆடி முடித்தவர்களின் பட்டியலை யாரும் வைத்திருப்பதில்லை. அதே சமயம் இந்த உதாரணங்களில் கற்க ஒன்று இருக்கிறது. ஸ்டூவர்ட், கெல்லி இருவரும் போனது, உடனே பயன்படும் ஆளைத் தேடிக்கொண்டிருந்த வலுவான ஓர் அணிக்கு. பிக்கெட்டை எடுத்ததும் கோப்பைக்குக் குறிவைத்த அணிதான். முதிர்வயது வீரருக்குத் தன் திறமை அளவுக்கே, எந்தக் கிளப்பில் எந்த இடம் எப்போது காலியாகிறது என்பதும் முக்கியம். அப்பாவிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை, ஆனால் ஏற்றுக்கொள்ள நாளானது.

முதல் முடிவு: ஆடும் இடத்தை மாற்றுவது

அவரை நடுக்களத்திலிருந்து ஹாஃப்-பேக் இடத்துக்கு, அதாவது பின்வரிசையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றலாம் என்று மேம்பாட்டுக் குழு சொன்னது. அங்கே எதிரே வெட்டவெளி இருக்கும், நிமிர்ந்து பார்த்து உதைக்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். இடது கால் உதை தெரியவரும். முதல் இருபது மீட்டர் வேகக் குறையை, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டி ஊகிப்பதால் ஓரளவு ஈடுகட்டலாம்.

தலைமைப் பயிற்சியாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாங்கள் இறுதிச் சுற்றுக்குள் நுழையப் போராடிக்கொண்டிருந்த நேரம். அமளியில் பந்து எடுக்கும் முதல் ஆளையே நடுவிலிருந்து தூக்கிப் பின்னால் நிறுத்தினால் கிளப் தோற்கும். ஒரு வீரருடைய எதிர்காலத்துக்காக மற்ற 21 பேருடைய பருவத்தைப் பணயம் வைக்கலாமா? மாநில லீக் கிளப்களில் இந்தக் கேள்வியை வெளிப்படையாகப் பேசுவதே அபூர்வம். பேசாமல் விட்டால் எப்போதும் கிளப்தான் ஜெயிக்கும், வீரருக்கு அது கடைசிவரை தெரியாமலே போகும். அந்த விஷயத்தில் எங்கள் பயிற்சியாளரை மதிக்கிறேன்; வீரரை உட்காரவைத்து, தான் ஏன் மறுக்கிறேன் என்பதை நேரடியாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஹாஃப்-பேக் ஒருவருக்குத் தொடைத் தசை கிழிந்தது. பயிற்சியாளர் தாமாகவே வந்து, மூன்று ஆட்டம் பார்க்கலாம் என்றார். ஒரு நிபந்தனை: ஆட்டம் கையை விட்டுப் போகும்போது வீரர் நடுக்களத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆட்டத்தில் நின்ற இடமே தெரியாமல் தடுமாறினார். மூன்றாவதில் அவருடைய உதைகளிலிருந்து நேரடியாக கோல்கள் வந்தன. பருவம் முடியும்வரை அங்கேயே ஆடினார். பந்து தொட்ட எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. தேர்வாளர்களிடமிருந்து அழைப்பு வந்ததோ அதற்குப் பிறகுதான்.

அக்டோபரில் மாநில அளவிலான உடல்திறன் சோதனைக்கு அழைத்தார்கள். 2 கி.மீ ஓட்டத்தில் நன்றாகச் செய்தார். 20 மீட்டரில் எதிர்பார்த்தபடியே பின்வரிசை.

நவம்பரும் கோடையும்

தேசிய டிராஃப்ட்டில் எடுக்கப்படவில்லை, ரூக்கி டிராஃப்ட்டிலும் இல்லை. எடுக்கவில்லை என்று சொல்ல யாரும் போன் செய்வதில்லை. பெயர்கள் முடிந்துபோகும், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே பயிற்சியாளர் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரப் பயிற்சிக்கு வீரர் வந்தார்.

டிசம்பரில் மெல்போர்னில் உள்ள ஒரு கிளப், இடம் மீதமிருப்பதால் கோடைப் பயிற்சிக்கு வரச் சொன்னது. ஒப்பந்த உறுதி எதுவும் இல்லை. போகலாமா வேண்டாமா என்பது ஆட்டம் சம்பந்தப்பட்ட முடிவு அல்ல, குடும்ப முடிவு. அவருடைய முதலாளி சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்ததைத் தள்ளிவைத்தார்கள். துணைவி அடிலெய்டிலேயே இருந்தார்.

முழுநேரப் பயிற்சி என்றால் என்ன என்று அப்போதுதான் அவர் முதன்முறையாகப் பார்த்தார். காலையில் களம், அப்புறம் உடற்பயிற்சிக்கூடம், பிற்பகலில் ஆட்டக் காணொளி, நடுவில் மருத்துவர், உணவு ஆலோசகர். எட்டு மணி நேரம் ஏணி ஏறி ஒயர் இழுத்துவிட்டு மாலைப் பயிற்சிக்கு வந்தவருக்கு, உடல் தேற நேரம் கிடைத்தது. சில வாரங்களிலேயே ஓட்டம் மேம்பட்டது. முதிர்வயது வீரருடைய வளர்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பகுதிநேரமாக ஆடியவருடைய உச்சம் எது என்று, முழுநேரமாக ஆட வைத்துப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

பிப்ரவரியில் அந்தக் கிளப்பின் உயரமான தடுப்பாளர்கள் இருவர் அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். சில வாரக் காயங்கள்தான். இருந்தாலும் பருவத் தொடக்கத்துக்கு உயரமான ஆள் வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த வேறொருவர் உயரமானவர், இடம் அவருக்குப் போனது. எங்கள் வீரரைப் பற்றி அவர்கள் கொடுத்த மதிப்பீடு நல்லபடியாகவே இருந்தது. அவர் செய்த எதுவும் தவறில்லை, செய்திருக்கக்கூடியது எதுவும் பாக்கியும் இல்லை. இதை அவருக்குப் புரியவைப்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் வீண் என்று நினைக்கவில்லை. தன்னைக் குறைசொல்லியபடி பருவத்தைத் தொடங்கும் வீரர் ஏப்ரலுக்குள் சரிந்துவிடுவார்.

இரண்டாவது முடிவு: 6 மாதமா, 18 மாதமா

நடுப்பருவ டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது 6 மாத ஒப்பந்தம் வேண்டுமா, 18 மாதம் வேண்டுமா என்று வீரர் குறிப்பிடலாம். ஒரு கட்டத்தை நிரப்புவது போலத்தான் தெரியும், ஆனால் இந்த நிகழ்வில் மிகக் கடினமான முடிவு இதுவே.

அவருடைய ஏஜெண்ட் 18 மாதம் என்றார். ஆறு மாதத்தில் ஒருவர் புது ஊர், புது அணி, புது ஆட்டமுறை எல்லாவற்றையும் பழகித் தன்னை நிரூபிப்பது கஷ்டம். இடையில் சின்னக் காயம் வந்தாலும் கதை முடிந்தது. எங்கள் கிளப்பின் கருத்து வேறு. ஹாஃப்-பேக்கைத் தேடும் அணி, பெரும்பாலும் செப்டம்பர்வரை ஓட்டை அடைக்கத்தான் தேடும். அடுத்த வருடப் பட்டியலில் ஓர் இடத்தை இப்போதே பூட்டிவைக்க 24-ஐ நெருங்கும் வீரருக்காகத் துணிவது குறைவு.

முடிவைத் தீர்மானித்தது இந்த இரண்டு வாதமும் அல்ல. ஆறு மாதம் என்றால் தன் வேலையை விடாமல் இங்கேயே சமாளித்துக்கொள்வேன் என்று துணைவி சொன்னார். 18 மாதம் என்றால் இருவருமே இடம் மாற வேண்டும், அதற்கு அவர் இன்னும் தயாராகவில்லை. வீரர் 6 மாதம் என்று பதிந்தார். வீட்டிலிருப்பவரின் தயார்நிலை இப்படி ஒரு முடிவின் நடுவில் வந்து நிற்பதை நாங்கள் முன்பே எதிர்பார்த்திருந்தால், பேச்சை மார்ச்சிலேயே தொடங்கியிருக்கலாம்.

மே மாதம் விக்டோரியாவில் ஒரு கிளப், அனுபவமுள்ள ஹாஃப்-பேக் ஒருவரைப் பருவம் முழுவதற்கும் இழந்தது. எங்கள் வீரரை எடுத்தது. இரண்டே நாளில் கிளம்பிப் போனார்.

பின் நடந்தது

முதல் சில வாரம் கீழ்மட்ட லீக்கான விஎஃப்எல்-இல் ஆட விட்டார்கள். அப்புறம் முதல் அணிக்கு அழைப்பு. பருவம் முடிவதற்குள் நான்கு ஏஎஃப்எல் ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்துக்கு அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து இரவு முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

அவரிடம் பின்னர் விரிவாகக் கேட்டு எழுதிக்கொண்டவற்றில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. வேக வித்தியாசம் கால்களில் என்று நினைத்துப் போனாராம்; உண்மையில் அது முடிவெடுப்பதில் இருந்தது. மாநில லீக்கில் பந்தைப் பிடித்த பிறகு யாருக்கு உதைப்பது என்று பார்ப்பார். ஏஎஃப்எல்-இல், பந்து கைக்கு வருமுன் அது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரணியினர் மேலே விழுந்துவிடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில்தான் இது பிடிபட்டது. உதையைப் பொறுத்தவரை யாரும் குறை சொல்லவில்லை.

அக்டோபரில் அவரைப் பட்டியலிலிருந்து விடுவித்தார்கள். காயப்பட்டவர் அடுத்த பருவத்துக்குத் திரும்புகிறார், டிராஃப்ட்டில் அதே இடத்துக்கு ஓர் இளைஞரையும் குறிவைத்திருக்கிறார்கள். 18 மாதம் கேட்டிருந்தால் தப்பியிருப்பாரா? அந்தக் கிளப்பின் அலுவலர் ஒருவர் பின்னர் எங்களிடம் பேசியபோது, 18 மாதம் என்றிருந்தால் தாங்கள் எடுத்திருக்க மாட்டோம் என்றார். ஆகவே அந்த நான்கு ஆட்டமும் கிடைத்தது ஆறு மாதம் என்று பதிந்ததால்தான் என்று நான் நினைக்கிறேன். ஏஜெண்ட் இன்றும் வேறு விதமாக நினைக்கிறார். வேறு ஒரு கிளப் எடுத்திருக்கும் என்பது அவர் வாதம்.

வீரர் எங்கள் கிளப்புக்கே திரும்பினார். பழைய வேலை காத்திருந்தது. தள்ளிவைத்த வீட்டுக் கடனும் அந்தக் கோடையில் கிடைத்தது. அடுத்த வருடமும் நடுப்பருவ டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தார், எடுக்கப்படவில்லை. இனி வாய்ப்பு மிகக் குறைவு என்று பயிற்சியாளர் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். எங்கள் ஹாஃப்-பேக் வரிசையை இன்று நடத்துபவர் அவர்தான்.

இப்போது மாற்றியிருப்பவை

தேர்வாளர்களோடு முதல் பேச்சை ஜூலைக்கு விடுவதில்லை. ஏப்ரலிலேயே கேட்கிறோம். கேள்வியும் மாறிவிட்டது: எங்கள் ஆள் எப்படி என்று கேட்பதில்லை, அடுத்த வருடம் உங்களுக்கு எந்த இடத்தில் ஆள் குறையும் என்று கேட்கிறோம். எல்லோரும் பதில் சொல்வதில்லை, சிலர் சொல்கிறார்கள். பழைய காயம் உள்ளவர்களுடைய ஸ்கேன், அறுவை சிகிச்சை அறிக்கை, பிறகு ஆடிய ஆட்டங்களின் விவரம் எல்லாவற்றையும் வீரரின் சம்மதத்தோடு ஒரே கோப்பாக்கி வைத்திருக்கிறோம். மருத்துவ விவரம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பெயர் பட்டியலிலிருந்து உதிர்வது நியாயமே இல்லை.

ஆடும் இடத்தை மாற்றுவது பற்றிப் பயிற்சியாளரும் வீரரும் பருவத்துக்கு முன்பே பேசி முடிக்கிறார்கள். முன்பருவப் பயிற்சி ஆட்டங்களில் சோதித்துப் பார்த்தால், புள்ளிகளுக்கு ஆடும்போது யாரும் யாருக்காகவும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் பற்றிய பேச்சில் துணைவரையோ துணைவியையோ முதலிலிருந்தே உட்காரவைக்கிறோம். வேலை கொடுத்தவரிடமும் வீரர் விரும்பினால் நாங்களே போய்ப் பேசுகிறோம்.

திரும்பி வருபவரைக் கவனிப்பதுதான் நாங்கள் முன்பு யோசிக்காத பகுதி. இந்த வீரர் ஒன்றரை வருடத்துக்குமேல் ஓய்வே இல்லாமல் ஓடியிருந்தார்: எங்கள் பருவம், மெல்போர்ன் கோடை, மறுபடி எங்கள் பருவத்தின் பாதி, அப்புறம் ஏஎஃப்எல். அக்டோபரில் வந்தவர் நவம்பரில் எல்லோரோடும் பயிற்சிக்கு நின்றார், ஜனவரியில் கெண்டைக்கால் தசை கிழிந்து பருவத்தின் முதல் மாதத்தை இழந்தார். இப்போது ஏஎஃப்எல் பட்டியலிலிருந்து விடுபட்டு வருபவருக்கு ஜனவரி பிறக்கும்வரை களப் பயிற்சி கிடையாது. வந்த வாரமே கிளப் மருத்துவர் பார்க்கிறார், மனநல ஆலோசகரோடு பேச நேரம் ஒதுக்குகிறோம், அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு அவருக்குத் தரும் கட்டணத்தையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுகிறோம்.